நீலத்தைப் பார்க்காதவள்

கடலூர் வெயிலில் கம்பளி ரோமத்தை வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள் என் தோழி. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் நடத்திய மூன்று நாள் பயிலரங்கில் உட்காரும்வரை நானும் சிரித்தேன்.

நீலகிரிச் செம்மறியின் ரோமத்தை மெல்லிய அடுக்குகளாகக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்ப வேண்டும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் தெளித்து உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். பிறகு பாயில் சுருட்டி உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ரோமத்தின்மீது கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் தேய்ப்பும் சேர்ந்ததும் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. நூலும் தறியும் இல்லாமல் துணி பிறக்கிறது. காஷ்மீரில் நம்தா விரிப்புகளை இப்படித்தான் செய்கிறார்கள். இறுகிய பிறகு அதைப் பிரிக்கவே முடியாது.

மூன்றாம் நாள் சாயம். தகரை விதையை வேகவைத்து, சுண்ணாம்பும் அவுரிக் கட்டியும் சேர்த்துப் பல நாள் புளிக்கவிட்ட தொட்டி அது. முக்கி எடுத்தபோது என் கம்பளித் துண்டு பச்சையாகத்தான் வந்தது. காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து நீலமாக மாறத் தொடங்கியது. நாற்பது வயதைக் கடந்த நான் சின்னப்பிள்ளைபோலக் கத்தினேன். கவிதை எழுதும்போதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

அன்று இரவு சிதம்பரத்தில் வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“என்னடி இது?”

“அவுரி சாயம்மா.”

“எவ்ளோ குடுத்தாங்க?”

“நான்தான் குடுத்தேன். கத்துக்கறதுக்குக் கட்டணம்.”

அம்மா சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு சொன்னாள்: “கல்யாணத்துக்கு முன்ன நாலு வருஷம் அவுரி அறுத்திருக்கேன். விடியறதுக்குள்ள போவணும், தழ வாடறதுக்குள்ள வண்டியில ஏத்தணும்.” திண்டிவனம் பக்கம் அவள் பிறந்த ஊர். எனக்கு இது தெரியாது. சாயம் எப்படி எடுப்பார்கள் என்று ஆவலாகக் கேட்டேன். “எனக்கென்ன தெரியும்? தழ பச்சையாதான் இருக்கும், பச்சையாதான் வண்டியில போவும். நீலத்த நான் எங்க பாத்தேன்?”

அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. நாலு வருஷம் அறுத்தவளுக்குக் கிடைக்காத நீலம், கட்டணம் கட்டிய எனக்கு மூன்றே நாளில் கிடைத்தது. விரும்பிச் செய்தால் கலை, வயிற்றுக்குச் செய்தால் கூலிவேலை என்று நாம் பிரிக்கிறோம். அம்மாவுக்கு அவுரிமேல் ஏன் விருப்பம் வரவில்லை? ஒரு வேலையை நேசிக்க வேண்டுமானால் அது என்னவாக முடிகிறது என்று பார்க்கக் கிடைக்க வேண்டும். அந்தக் காட்சி எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை.

இந்தக் கரையின் வரலாறே அப்படித்தான். 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்து விலைபேசப்பட்டன. கடலூரில் குண்டுச் சாலை என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அவர்கள் இங்கே தேடி வந்த முக்கியச் சரக்கு துணி. அந்தத் துணியின் சிவப்பு, மணற்பாங்கான நிலத்தில் வளரும் சாயவேரிலிருந்து வந்தது. வைத்தியர்கள் அதை இம்பூறல் என்பார்கள். டச்சுக்காரர் காலத்து மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அந்த வேரைத் தோண்டுவதே ஒரு சாதியாரின் கட்டாய ஊழியமாக இருந்தது. அவுரிக்காக வங்காள விவசாயிகள் 1859இல் கலகமே செய்தார்கள். 1897இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்த பிறகு அவுரி வயல்கள் சுருங்கின. இப்போது ‘இயற்கைச் சாயம்’ என்ற பெயரில் அது திரும்பி வருகிறது. உப்பனாற்றங்கரை ரசாயன நெடியை மூச்சில் இழுத்தவர்களுக்கு அந்தப் பெயரின் அருமை தெரியும். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் ‘இயற்கை’ என்று சொல்லும்போது தழை தானாகவே நடந்து வந்து தொட்டியில் இறங்கியதுபோல ஆகிவிடுகிறது.

சிதம்பரத்தில் நீலம் என்றதும் நினைவுக்கு வருபவர் திருநீலகண்டக் குயவர். கணவர் இன்னொரு பெண்ணிடம் போய்வந்ததை அறிந்ததும், திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுத் தன்னைத் தொடக் கூடாதென்று தடுத்தவர் அவர் மனைவி. முதுமைவரை அந்த ஆணை நின்றது. குளத்தில் இறங்கும்போதுகூட ஆளுக்கொரு மூங்கில் நுனியைத்தான் பிடித்தார்கள். கதையை நகர்த்துவதே அவர் சொன்ன ‘வேண்டாம்’தான். ஆனாலும் பெரியபுராணம் நாயனாராக எண்ணுவது கணவரை. மனைவிக்கு அதில் பெயரில்லை. வகுப்பில் எத்தனையோ முறை பாடம் நடத்தியும் எனக்கு இது உறைத்ததில்லை. என் தோழியின் விரிப்புகளில் ஓரத்தில் அவள் பெயர் இருக்கும். அறுத்தவள் பெயர் எதில் இருக்கிறது?

அப்படியானால் என் சந்தோஷம் குற்றமா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். பெண்களின் சந்தோஷத்தைக் குற்றவுணர்ச்சியாக மாற்றப் பலர் காத்திருக்கிறார்கள், அவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் ஒன்றைப் பார்க்கிறேன். சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் அன்பு என்று சொல்லி அம்மாவுக்குக் கூலியை மறுத்தார்கள். அவுரி அறுப்பைக் கூலி என்று சொல்லி அதை நேசிக்கும் வாய்ப்பை மறுத்தார்கள். இரண்டிலும் இழந்தவள் ஒருத்தியே. ஆகவே நான் கேட்க வேண்டியது இரண்டு: அறுப்பவளுக்கு நியாயமான கூலி, நீலத்தைப் பார்க்கும் உரிமை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைச் சரிக்கட்ட முடியாது.

அடுத்த மாதம் அம்மாவைக் கடலூருக்கு அழைத்துப் போனேன். தோழி ஒரு வெள்ளைத் துண்டை அவள் கையில் கொடுத்தாள். அம்மா முக்கினாள், எடுத்தாள், பச்சை நீலமாவதை இமைக்காமல் பார்த்தாள். கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தேன். “இதுக்குத்தானா அவ்ளோ அவசரப்படுத்துனாங்க” என்றாள். இரண்டாவது முறை அவளாகவே முக்கினாள். துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டாள்:

“இப்ப தழ அறுக்கறவளுக்கு நாள் கூலி எவ்ளோடி?”

எனக்குத் தெரியவில்லை. தோழிக்கும் தெரியவில்லை. அவுரிக் கட்டி விற்பவருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். கிலோ விலையை உடனே சொன்னார். கூலியை விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். அம்மா இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.