விலகி நின்ற கோடுகள்

உடுமலைப் பக்கத்து வயல்களிலிருந்து பார்த்தால் தெரியும் பழனி மலைத்தொடரின் உச்சியில்தான், 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் ஒரு சூரியப் புள்ளியின் ஒளியைப் பிரித்துப் படமெடுத்தார். இடம் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். நிறமாலையின் குறுக்கே ஓடும் கருங்கோடுகள், ஃபிரான்ஹோஃபர் 1814-இல் கண்டு குறித்தவை, புள்ளியின் விளிம்பில் மட்டும் மயிரிழை விலகியிருந்தன: ஒரு பக்கம் நீலத்தை நோக்கி, எதிர்ப்பக்கம் சிவப்பை நோக்கி. புள்ளியிலிருந்து வாயு நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் வெளிப்புறமாகப் பாய்கிறது என்று அதை வைத்தே சொல்லிவிட்டார். 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கும் ஓட்டம்! உலகம் அதை இன்றும் ‘எவர்ஷெட் விளைவு’ என்றே அழைக்கிறது. கோவையிலிருந்து கொடைக்கானல் சுற்றுலா போகும் பள்ளிப் பிள்ளைகள் ஏரியோடு திரும்பாமல் இந்த ஆய்வகத்தையும் பார்த்து வர வேண்டும். எனக்கு அது பெரிய ஆசை.