இடைகழியில் இன்னும் ஒருவருக்கு இடம்



 திருவீதிப் புறப்பாட்டின்போது தோளோடு தோள் உரச நின்றுகொண்டு, "சற்றுத் தள்ளி நில்லுங்கள்" என்று ஒருவரும், "இனி எங்கே தள்ளுவது?" என்று மற்றவரும் சொல்வதை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். அந்த நெருக்கத்தைப் பற்றியே இம்மலரில் சில வார்த்தைகள் விண்ணப்பம் செய்ய விழைகிறேன். ஏனெனில், நம் ஆழ்வார்களின் அருளிச்செயல் தொடங்கியதே ஒரு நெருக்கத்தில்தான். அந்த நெருக்கத்தை உண்டாக்கியது ஒரு பெருமழை.

அது நிகழ்ந்த திவ்யதேசம் திருக்கோவலூர். நமக்கு அது அயலூர் அன்று. கர்நாடகத்து நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, சாத்தனூரைக் கடந்து, உலகளந்த பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருக்கோவலூரின் வழியே கிழக்கு நோக்கி வந்து, நம் பாகூர் கொம்யூனின் தென்னெல்லையை ஒட்டிச் சென்று, கடலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. அதே ஆற்று நீர்தான் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கும் வந்து சேர்கிறது. ஆகவே திருக்கோவலூரில் பெய்த மழைக்கும் நம் வயலுக்கும் உறவு உண்டு.

பொய்கையாழ்வார் காஞ்சியிலே பொய்கையில் அவதரித்தவர். பூதத்தாழ்வார் திருக்கடல்மல்லையில் அவதரித்தவர். பேயாழ்வார் திருமயிலையிலே கிணற்றில் அவதரித்தவர். மூவர் திருநட்சத்திரமும் ஐப்பசி மாதத்திலே திருவோணம், அவிட்டம், சதயம் என அடுத்தடுத்து வருகின்றன. ஐப்பசி என்றாலே அடைமழை! மூவரும் ஓரூரில் ஒரு நாளுக்கு மேல் தங்காமல் திரிந்தவர்கள். ஒருவரை ஒருவர் அதற்கு முன் கண்டதில்லை. கண்டதில்லை என்ற இந்தச் செய்தியை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஓரிரவு திருக்கோவலூரில் காற்றும் மழையும் காரிருளும் ஒன்று சேர்ந்தன. மிருகண்டு முனிவருடைய ஆசிரமத்து வாயிலில் ஒரு சிறிய இடைகழி. நம் வீடுகளில் ரேழி என்று சொல்கிறோமே, அதுதான். பொய்கையார் அங்கே ஒதுங்கிப் படுத்திருந்தார். சிறிது நேரத்தில் நனைந்தபடி ஒருவர் வந்து இடம் கேட்டார். படுத்திருந்தவர் எழுந்து, "ஒருவர் கிடக்கும் இடத்தில் இருவர் உட்காரலாம், வாரும்" என்றார். பின்னும் ஒருவர் வந்தார். இருந்த இருவரும் எழுந்து, "இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாம், வாரும்" என்றனர். இருட்டிலே முகம் தெரியவில்லை. "நீர் எவ்வூர்? எக்குலம்? எதற்காக இந்நேரத்தில் வந்தீர்?" என்ற விசாரணை ஒன்றும் நடக்கவில்லை. நனைந்தவன் என்ற ஒரு தகுதியே போதுமானதாக இருந்தது.

இந்தக் கணக்கை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலில் இருந்தவர் தம் உறக்கத்தை விட்டார். பிறகு இருவரும் தம் இருக்கையை விட்டனர். விருந்தினர் ஒவ்வொருவர் வரும்போதும் உள்ளே இருந்தவரின் சுகம் ஒரு படி குறைந்தது. ஆனால் இடம் மட்டும் குறையவில்லை! சுவர் நகரவில்லை. மனிதர்கள் நகர்ந்தார்கள், அவ்வளவே.

மூவர் நின்றபின் அங்கே ஓர் எள் விழவும் இடமில்லை. அப்போதுதான் நான்காமவர் ஒருவர் நெருக்கலானார். "யார் இவ்வாறு நெருக்குவது?" என்று மூவரும் திகைத்தனர். பொய்கையார் புறவிருள் நீங்கும்படியும், பூதத்தார் அகவிருள் நீங்கும்படியும் திருவந்தாதிகளால் விளக்கேற்றினர். அவ்வொளியிலே பேயார் பெருமாளைப் பிராட்டியோடு சேவித்து மூன்றாம் திருவந்தாதியை அருளிச்செய்தார். ஆக முந்நூறு பாசுரம் நமக்குக் கிடைத்தன.

எம்பெருமான் ஒருவர் வசதியாகப் படுத்திருந்தபோது வரவில்லை. இருவர் உட்கார்ந்திருந்தபோதும் வரவில்லை. இனி இடமே இல்லை என்று ஆன பிறகு வந்தான். திருக்கோவலூர்ப் பெருமாளோ மாவலியிடம் மூவடி மண் கேட்டு, இரண்டடியில் உலகனைத்தையும் அளந்து, மூன்றாமடிக்கு இடம் போதவில்லை என்று நின்ற திரிவிக்கிரமன். அத்தகையவன் மூவர் நிற்கும் ரேழியில் நான்காமவனாக அடங்கிவிட்டான். உலகம் போதாதவனுக்கு ஒரு ரேழி போதுமானதாயிற்று. காரணம் யாதெனில், அங்கே நின்ற மூவரும் பிறருக்காகத் தம்மைச் சுருக்கிக்கொண்டவர்கள். தம்மைச் சுருக்கிக்கொள்பவர் நடுவே தானும் சுருங்கி நிற்பது அவனுடைய ஸௌசீல்யம்.

பிற்காலத்தில் திருவஹீந்திரபுரத்தில் பல்லாண்டு எழுந்தருளியிருந்த ஸ்வாமி வேதாந்த தேசிகர், இத்தலத்துப் பெருமாளைக் குறித்துத் தேஹளீச ஸ்துதி என்ற ஸ்தோத்திரத்தை அருளினார். பெண்ணைக் கரையில் விளைந்த கரும்பாகப் பெருமாளையும், அக்கரும்பைப் பிழிந்து சாறெடுத்தவர்களாக ஆழ்வார்களையும் அதில் வர்ணிக்கிறார். கரும்பு பயிரிடும் நம் பாகூர் விவசாயிகளுக்கு இதன் சுவையை அடியேன் விளக்க வேண்டுவதில்லை. நெருக்கினால்தான் சாறு!

இது பழைய கதை, நமக்கு என்ன என்று கேட்பவர்கள் 2024ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு வந்த புயலை ஃபெங்கல் என்பதா, ஃபெஞ்சல் என்பதா என்று நாம் முடிவு செய்வதற்குள் அது நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிவிட்டது. கரையேறியதும் போயிற்றா? இல்லை. திண்ணையில் அமர்ந்த விருந்தாளி எழுந்திருக்க மனமில்லாமல் பேசிக்கொண்டே இருப்பதுபோல, பல மணி நேரம் நகராமல் நின்றது. டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பெய்த மழை ஏறக்குறைய 48 சென்டிமீட்டர். வில்லியனூர்ப் பக்கத்துச் சங்கராபரணிக்கு வராக நதி என்றும் ஒரு திருநாமம் உண்டு. பூமியை நீரினின்று எடுத்த பெருமானின் பெயரைத் தாங்கிய ஆறு, அன்று நம் பூமியை நீருக்குள்ளே வைத்துவிட்டது.

பாகூர் மக்களுக்கோ அதற்கு மறுநாள்தான் பெருஞ்சோதனை. மேற்கே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அந்நீர் சாத்தனூர் அணையை நிரப்ப, டிசம்பர் 2 விடியற்காலையில் வினாடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் திறந்துவிட நேர்ந்தது. வானம் வெளுக்கத் தொடங்கியபின் தரையிலே வெள்ளம் வந்தது! திருக்கோவலூர் வழியே வந்த அதே தென்பெண்ணை நம் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. நெற்பயிர் மூழ்கிற்று. வீட்டுச் சாமான்கள் மிதந்தன. இழந்தவற்றை அடியேன் எளிதாக எண்ணவில்லை. சம்பாப் பயிரைக் கண்முன்னே நீரில் விட்டவனுடைய வயிற்றெரிச்சலுக்கு வேதாந்தம் உடனே மருந்தாகாது.

ஆயினும் அந்த நாட்களில் நம் கண்ணெதிரே எத்தனை இடைகழிகள் திறந்தன! புதுச்சேரிக் கிருஷ்ணா நகரில் ஏறத்தாழ ஐந்தடி நீரில் சிக்கியவர்களை, சென்னையிலிருந்து வந்த இராணுவ வீரர்கள் மீட்டனர். மீட்டவர் பெயர் மீட்கப்பட்டவருக்குத் தெரியாது. இவர் பெயர் அவருக்கும் தெரியாது. மேட்டுத் தெருவில் இருந்தவர் பள்ளத் தெருவில் இருந்தவருக்குக் கதவைத் திறந்தார். ஒரு குடும்பத்திற்கு ஏற்றிய உலையில் மூன்று குடும்பத்திற்கு அரிசி விழுந்தது. பள்ளிக்கூடமும் மண்டபமும் கல்யாணக்கூடமும் ரேழி ஆயின. வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலும் உண்டு, வரதராஜப் பெருமாள் கோயிலும் உண்டு, லூர்து அன்னை ஆலயமும் உண்டு, மசூதியும் உண்டு. வெள்ளம் எந்தத் தெருவில் எந்தக் கோயில் என்று கேட்டுப் புகவில்லை. சோற்றுப் பொட்டலம் கொடுத்த கையும் கேட்கவில்லை.

அதிதி என்ற ஸம்ஸ்கிருதச் சொல்லுக்குத் திதி பாராமல் வருகிறவன் என்று பெரியோர்கள் பொருள் சொல்வர். இக்காலத்தில் புயல்கூட நாள் குறித்து, பெயர் சூட்டிக்கொண்டு, எண் வைத்த கூண்டேற்றி வருகிறது. அதிதி மட்டும் இன்னும் பழைய வழக்கத்தையே பின்பற்றுகிறான்! அவன் எப்போது வருவான் என்று வானிலை நிலையமும் சொல்ல முடியாது. ஆகவே ரேழியை எப்போதும் காலியாக வைத்திருப்பதே உத்தமம்.

இன்னும் ஒன்று. அந்த நாட்களில் தங்குமிடங்களில் அழுகை கேட்டது; சிரிப்பும் கேட்டது. ஒரு மூதாட்டி, "அறுபது வருஷமாக ஆற்றைப் பார்க்க நான் போனேன், ஒரு தடவை ஆறு என்னைப் பார்க்க வந்தால் கோபித்துக்கொள்ளலாமா?" என்றார். கேட்டவர் எல்லாரும் சிரித்தனர். துன்ப காலத்தில் சிரிக்கலாமா என்று சிலர் ஐயுறுவர். பிறர் துன்பத்தைக் கண்டு சிரிப்பது பாபம். தன் துன்பத்தைத் தானே சிரித்துச் சொல்வது தைரியம். அதனால் பக்கத்தில் இருப்பவருக்கும் தைரியம் உண்டாகிறபடியால் அது ஒருவகைத் தானமும் ஆகும். இரு சேனைகளின் நடுவே கலங்கி நின்ற அர்ஜுனனுக்கு உபதேசம் தொடங்கும்போது கண்ணன் புன்னகை பூத்தவன் போலப் பேசினான் என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் காட்டுகிறது. அந்தப் புன்னகை அர்ஜுனனுடைய துயரத்தை அவமதித்ததன்று. "இதற்கு அப்பாலும் ஒன்று உண்டு" என்று அவனுக்கு அறிவித்தது.

நம் ஸம்ப்ரதாயத்தில் மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இரண்டு சொல்வார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். ஜீவன் எம்பெருமானைப் பற்றுவது எவ்வாறு என்று இதைக்கொண்டு வித்வான்கள் இரவெல்லாம் வாதிப்பர். மீட்புப் படகிலே இரண்டும் நடந்தன. இளைஞர் கயிற்றைப் பிடித்துத் தாமே ஏறினர். முதியோரைப் பிறர் தூக்கி ஏற்றினர். ஆனால் அனைவரும் ஒரே கரையில்தான் இறங்கினார்கள். இறங்கியதும் எல்லாரும் முதலில் கேட்டது தத்துவ விளக்கமன்று, சூடான காப்பி!

இனி, அடியேன் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மழையிலே இடம் கொடுப்பது அரிதன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போதும், 2011 டிசம்பர் 30 தானே புயலின்போதும், 2024 வெள்ளத்தின்போதும் நம்மவர் இடம் கொடுத்தார்கள். நீர் வடிந்த பிறகு என்ன ஆகிறது என்பதே கேள்வி. நீர் வடிகிற வேகத்திலேயே நம்முடைய நெஞ்சின் ஈரமும் வடிந்துவிடுகிறது. ஒரே பாயில் மூன்று நாள் படுத்தவர்கள், நான்காம் நாள் வரிசையில் முந்துவதற்குச் சண்டையிடுகிறார்கள். வெள்ளத்தில் அழிந்த வரப்பை மீண்டும் போடும்போது, அரை முழம் தம் பக்கம் தள்ளிப் போடுகிறார்கள். புதுச்சேரித் தமிழர் வீடுகளில் தெருவை நோக்கித் தாழ்வாரமும் திண்ணையும் கட்டிய முன்னோர், அவற்றை வழிப்போக்கருக்காகவே கட்டினார்கள். இன்று பல திண்ணைகளுக்குக் கம்பிக் கதவு வந்துவிட்டது. கள்வர் பயம் உண்மைதான். கம்பியைக் கழற்றச் சொல்ல அடியேன் துணியவில்லை. ஆனால் மனத்தின் திண்ணைக்கும் கம்பி போட்டுவிடலாகாது.

ஸ்ரீமத் பாகவதம் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் ரந்திதேவன் கதை வருகிறது. நாற்பத்தெட்டு நாள் நீரும் அருந்தாமல் இருந்த அவ்வரசனுக்கு மறுநாள் காலையில் சிறிது உணவு கிடைத்தது. அதை வந்த அதிதிகள் ஒவ்வொருவருக்காகக் கொடுத்தான். எஞ்சியது ஒருவன் குடிக்கும் அளவுத் தண்ணீர். அப்போது ஊரார் ஒதுக்கிவைத்த ஒருவன் தாகத்தோடு வந்தான். ரந்திதேவன் அந்தத் தண்ணீரையும் கொடுத்தான். மோட்சத்தை அவன் வேண்டவில்லை; எல்லா உயிர்களின் துன்பத்தையும் தானே ஏற்க வேண்டும் என்றான். நமக்கு அவ்வளவு ஆற்றல் இல்லை. ஆனால் எழுந்து உட்காரவும், உட்கார்ந்தவர் நிற்கவும் நம்மால் ஆகும். ஆழ்வார்கள் அந்த இரவில் செய்தது அவ்வளவே.

ஆகவே திருவிழாவுக்கு வந்திருக்கும் அன்பர்களே! இன்று வாகன சேவையின்போது பின்னால் நிற்கும் முதியவருக்கு ஓரடி ஒதுங்கிக் கொடுங்கள். தோளில் குழந்தையோடு நிற்பவளை முன்னே விடுங்கள். நீர்ப்பந்தலில் நீங்கள் குடிக்குமுன் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு குவளை நீட்டுங்கள். அவர் எவ்வூர், யாருடைய உறவு என்று கேட்க வேண்டாம். "இனி இடமில்லை" என்று சொல்ல வாயெடுக்கும்போது, நெருக்குகிறவர் யாராக இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். திருக்கோவலூரில் நெருக்கியவனே இங்கும் நெருக்கக் கூடும்.

பருவமழை தவறாமல் பெய்க. பெய்யும் மழை ஏரிக்குள்ளும் கரைக்குள்ளும் அடங்கி நிற்க. தென்பெண்ணையும் வராக நதியும் நம்மைத் தேடி வராமல், நாமே அவற்றைத் தேடிச் சென்று நீராடும் பேறு வாய்க்க. எல்லா வீட்டு ரேழிகளிலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்க எம்பெருமான் திருவுள்ளம் பற்றுவானாக.

சுபம்.