படலையடியில் காத்திருக்கும் சீவன்



எசேக்கியாஸ் அரசன் சாகுந்தறுவாயில் நோயுற்றுக் கிடந்தபோது, இசையாஸ் இறைவாக்கினர் அவனிடம் வந்தார். அவர் கொண்டுவந்த செய்தி சுருக்கமானது. மரணம் நெருங்கிவிட்டது, ஆகையால் வீட்டுக் காரியங்களை ஒழுங்குசெய்துகொள்ள வேண்டும் என்பதே அது. அரசன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி அழுது மன்றாடினான். ஆண்டவர் மனமிரங்கி அவனுக்கு மேலும் 15 ஆண்டுகள் அருளினார்.

நமக்கு எத்தனை ஆண்டுகள் அருளப்பட்டுள்ளன என்று நம்மில் எவருக்கும் தெரியாது. ஆனால் வீட்டை ஒழுங்குசெய்யும் கடமை எல்லோருக்கும் உண்டு. நல்மரணத்துக்காகப் புனித சூசையப்பரை மன்றாடும் வழக்கம் நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றது. பாவசங்கீர்த்தனம், நற்கருணை, நோயில்பூசுதல் ஆகியவற்றால் ஆன்மாவை ஆயத்தஞ் செய்கின்றோம். காணி உறுதிகளைப் பத்திரப்படுத்தி, நகைகளைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டு, எந்தச் சேமக்காலையில் அடக்கஞ் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கின்றோம். இத்தனை ஆயத்தத்திலும் ஒரு சீவனை மட்டும் அநேகமாக எல்லோரும் மறந்துவிடுகின்றோம். அது நம் வீட்டு விறாந்தையில் படுத்திருக்கும் நாய். அடுப்படியில் சுருண்டிருக்கும் பூனை. பின்வளவில் கட்டியிருக்கும் பசு. அவற்றைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

யாரும் சொல்லி வைக்கவில்லை

நம் ஊர்களில் இன்று பிள்ளைகளெல்லாம் கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்க, தாயோ தந்தையோ தனியே வாழும் வீடுகள் எத்தனையோ உள. அந்த வீட்டில் பகலெல்லாம் ஒரு குரல் கேட்கின்றதென்றால், அது அந்த முதியவர் தம் நாயோடு பேசும் குரலாகவே இருக்கும். தாம் சாப்பிடுமுன் அதற்கு ஒரு பிடி சோறு. இரவில் படலையடியில் காலடி கேட்டால் எழுந்து குரைக்கும் துணையும் அதுதான். பிள்ளைகள் மாதந்தோறும் பணம் அனுப்புகின்றார்கள். உடனிருப்பை அந்த வாயில்லாச் சீவனே தருகின்றது.

பின்பு ஒருநாள் அந்த முதியவரை ஆண்டவர் அழைத்துக்கொள்கின்றார். பிள்ளைகள் பறந்து வருகின்றார்கள். அடக்கம் நடக்கின்றது, 31ஆம் நாள் நினைவுத் திருப்பலியும் நிறைவேறுகின்றது. வீட்டைப் பூட்டித் திறப்பை உறவினர் கையில் கொடுத்துவிட்டுப் போகின்றார்கள். நாய் படலையடியில் கிடக்கின்றது. அயல்வீட்டார் இரண்டு மூன்று நாள் சோறு வைக்கின்றார்கள். பின்பு அவர்களுக்கும் அலுத்துவிடுகின்றது. கடைசியில் யாரோ ஒருவர் அதைச் சாக்கிலே கட்டிச் சந்தையடியில் விட்டுவிடுகின்றார். பத்து வருடம் ஒரு கையால் உண்டு வளர்ந்த சீவன், தெருநாய்களின் கடியுக்கும் வாகனங்களுக்கும் நடுவே எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

இதிலே யாரும் வேண்டுமென்று கொடுமை செய்யவில்லை. பிள்ளைகளுக்கு அன்பில்லை என்றும் சொல்ல முடியாது. காரியம் இவ்வளவுதான்: யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

வேதாகமம் காட்டும் வழி

நேர்மையுள்ளவன் தன் கால்நடையின் தேவையை அறிந்திருக்கின்றான் என்று பழமொழி ஆகமம் போதிக்கின்றது. ஓய்வுநாள் கட்டளையைத் தந்த இறைவன், மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டும் என்பதையும் அதே கட்டளைக்குள் அடக்கினார். நினிவே நகரை ஏன் அழிக்கவில்லை என்று யோனாஸ் முறையிட்டபோது, அங்குள்ள மக்களோடு மிருகங்களையும் ஆண்டவர் எண்ணிக் காட்டினார். இளைஞனான தொபியாஸ் வானதூதரோடு நெடும்பயணம் புறப்பட்டபோது வீட்டு நாயும் கூடவே சென்றது என்று திருநூல் மறவாமல் குறிப்பிடுகின்றது.

சிலுவையடியில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். உயிர் பிரியும் வேதனையிலும் நம் ஆண்டவர் தம் தாயைத் தனியே விட்டுப் போகவில்லை. அன்புச் சீடரான அருளப்பரிடம் ஒப்படைத்தார். தாயையும் மிருகத்தையும் ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. சாகுமுன் ஒப்படைத்துச் செல்லும் முறையை அவரிடமே கற்றுக்கொள்வதற்காகச் சொல்லுகின்றோம். அவர் பொதுவாக எல்லோரையும் பார்த்துப் பேசவில்லை. ஒருவரைக் குறித்துச் சொன்னார். அவர் காது கேட்கவே சொன்னார். சீடரும் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைக்காமல், அந்நேரந்தொட்டே பொறுப்பேற்றார். ஒரு நபர், அவருடைய சம்மதம், உடனடிப் பொறுப்பு: நல்ல ஒப்படைப்புக்கு இம்மூன்றும் வேண்டும்.

அளவு தவறக் கூடாது

மனிதர் பட்டினி கிடக்க மிருகத்துக்காகப் பேசுவதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதற்குத் தெளிவான விடை தருகின்றது. மிருகங்கள் இறைவனின் படைப்புகள். அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம். அவற்றை வீணே துன்புறுத்துவது மனித மாண்புக்கே இழுக்கு. அதேவேளை, மனிதரின் துயர்துடைக்க முதலிற் செல்ல வேண்டிய பணத்தை மிருகங்களுக்குச் செலவிடுவதும், மனிதருக்கே உரிய அன்பை அவற்றின்மேல் திருப்புவதும் தகாது. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலிலும், ஒவ்வொரு படைப்புக்கும் இறைவன் முன் தனக்கென ஒரு மதிப்பு உண்டு என்று போதித்தார்.

அளவு தவறினால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றே போதும். 2007ஆம் ஆண்டு காலமான லியோனா ஹெல்ம்ஸ்லி என்ற ஹோட்டல் அதிபர், தம் நாயின் பராமரிப்புக்கென 12 மில்லியன் டொலரை எழுதி வைத்தார். தம் பேரப்பிள்ளைகளில் இருவருக்கோ ஒன்றும் வைக்கவில்லை. 2008ஆம் ஆண்டில் நீதிமன்றம் நாயின் பங்கை 2 மில்லியனாகக் குறைத்தது. நாய் கேட்டது பணத்தையல்ல. அதற்கு வேண்டியது ஒரு சட்டி சோறும், தண்ணீரும், மழைக்கு ஒதுங்க இடமும், தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவருமே.

புனித மார்ட்டின் தெ போரஸ் நல்ல மாதிரி. 1639ஆம் ஆண்டு பெரு நாட்டின் லீமா நகரில் மரித்த இந்தச் சாமிநாதர் சபைச் சகோதரர், ஏழைகளுக்கும் நோயாளருக்கும் பணிசெய்வதையே தம் வாழ்வாகக் கொண்டவர். அவரே தெருவிற் கிடந்த நாய்களையும் பூனைகளையும் தம் சகோதரியின் வீட்டில் வைத்துப் பராமரித்தார் என்று அவருடைய வரலாறு கூறுகின்றது. மடத்தில் இடமில்லையென்று கைவிடவில்லை. ஏற்பவர் ஒருவரைத் தேடி ஒழுங்குசெய்தார். ஏழைக்கு இரங்கிய அதே இருதயந்தான் நாய்க்கும் இரங்கியது.

அன்று நேரம் இருக்கவில்லை

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்ட அந்த இரவை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கையிலெடுத்த பையோடு, மழையிலும் நெரிசலிலும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். மாட்டைக் கட்டவிழ்த்துவிட்டு, நாய்க்கு இருந்த சோற்றை வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வந்தவர்கள் எத்தனை பேர்! அன்று ஒப்படைக்க ஆளில்லை, ஒழுங்குசெய்ய நேரமும் இல்லை. அதற்காக எவரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் முதுமையும் நோயும் அப்படியல்ல. அவை பெரும்பாலும் முன்னறிவித்தே வருகின்றன. நேரம் தரப்பட்டிருந்தும் ஒழுங்குசெய்யாமற் போவதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியவை

முதலாவது, ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். யாராவது பார்ப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். அந்த மிருகத்தை ஏற்கெனவே அறிந்தவர், அதற்கு அஞ்சாதவர், வீட்டில் இடமுள்ளவர் ஒருவரிடம் நேரே கேளுங்கள். முகத்துக்காக ஓம் என்கின்றாரா, மனமுவந்து ஓம் என்கின்றாரா என்பதைக் கவனியுங்கள். அவரும் முதியவரானால் இரண்டாவதாக ஒருவரையும் கேட்டு வையுங்கள். நீங்கள் உயிரோடிருக்கும்போதே அவர் வந்து சோறு வைத்துப் பழகட்டும்.

இரண்டாவது, ஒரு தாளில் எழுதி வையுங்கள். மிருகத்தின் பெயர், வயது, எதை உண்ணும், எதை உண்ணாது, என்ன நோய் வந்தது, விசர்நோய்த் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது, எந்த மிருக வைத்தியர் பார்க்கின்றார், யாரைக் கண்டால் மிரளும் என்பனவெல்லாம் அதில் இருக்கட்டும். பொறுப்பேற்பவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள். ஒரு பிரதியை அயல்வீட்டிலும் ஒன்றை வெளிநாட்டிலுள்ள பிள்ளையிடமும் கொடுங்கள். மாரடைப்பால் திடீரென ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாலும் அந்தத் தாள் பேசும்.

மூன்றாவது, பணத்தை ஒழுங்குசெய்யுங்கள். சட்டத்தின் கண்ணில் மிருகம் ஓர் உடைமை. அதன் பெயருக்குச் சொத்து எழுத முடியாது. அதை ஏற்கும் மனிதருக்கே, இன்ன காரியத்துக்காக என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். நொத்தாரிசைக் கொண்டு மரணசாசனம் எழுதுவோர் இதையும் சேர்த்து எழுதச் சொல்லலாம். ஆனால் மரணசாசனம் நீதிமன்றில் நிறைவேற மாதங்கள் செல்லும். நாய்க்குப் பசி அன்றிரவே வரும். ஆகையால் ஒரு சிறு தொகையைப் பொறுப்பேற்பவர் கையில் முன்கூட்டியே கொடுத்து வைப்பது நல்லது. வசதியற்றவர்கள் இதற்காகக் கலங்க வேண்டாம். பணமில்லாத இடத்தில் ஒரு நல்ல அயலவரின் வாக்குப் போதும்.

நான்காவது, முதுமையில் புதிதாக ஒரு குட்டியை எடுக்குமுன் கணக்குப் பாருங்கள். நன்றாகப் பராமரித்த நாய் 10 முதல் 15 ஆண்டுவரை வாழக்கூடும். வீட்டுப் பூனை 15 ஆண்டுக்கு மேலும் வாழும். 75 வயதில் குட்டி எடுப்பவர் 90 வயதுவரைக்குமான பொறுப்பை ஏற்கின்றார். துணை வேண்டாம் என்று சொல்லவில்லை. கைவிடப்பட்ட வயதான நாய் ஒன்றை எடுத்து அதன் கடைசிக் காலத்தை ஆதரிக்கலாமே! குட்டிகள் பெருகாமல் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தால், பின்னுக்கு வருபவரின் சுமையும் குறையும்.

பிள்ளைகளுக்கும் பங்கு மக்களுக்கும்

வெளிநாடுகளிலுள்ள பிள்ளைகளே, இந்தக் கேள்வியைத் தாய் தந்தையர் தாமாகத் தொடங்க மாட்டார்கள். மரணத்தைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் மனம் நோகும் என்று அடக்கிக்கொள்வார்கள். நீங்களே தொடங்குங்கள். அம்மா, உங்களுக்குப் பிறகு இதை யார் பார்ப்பது என்று பக்குவமாகக் கேளுங்கள். அவர் மனத்திலிருந்து ஒரு பாரம் இறங்கும். தம் நாயை யார் பார்ப்பார் என்ற ஒரே ஏக்கத்தால் ஆஸ்பத்திரியில் தங்கவே மறுக்கும் முதியவர்கள் உண்டு. ஆகவே மிருகத்துக்கு ஒழுங்குசெய்வது மனிதருக்கும் மருந்தாகின்றது. அடக்கத்துக்கு வந்து திரும்பும்போதும், திறப்பை ஒப்படைப்பது போலவே அந்தச் சீவனையும் ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். உங்களுக்குப் பதிலாக உங்கள் தாயின் காலடியில் கிடந்தது அது.

பங்கு மக்களே, வின்சென்ட் டி போல் சபையினரும் மரியாயின் சேனையினரும் முதியோரைச் சந்திக்கப் போகும்போது இதையும் ஒரு கேள்வியாகக் கேட்கலாம். ஒரு பங்கிலே இரண்டு மூன்று குடும்பங்கள், தேவை வந்தால் நாங்கள் ஏற்போம் என்று முன்வந்தாலே போதும். சந்தையடியில் சாக்கு அவிழாது. தை மாதம் 17ஆம் திகதி புனித வனத்து அந்தோனியார் திருநாளிலும், ஒக்டோபர் 4ஆம் திகதி அசிசியாரின் திருநாளிலும் மிருகங்களை ஆசீர்வதிக்கும் வழக்கம் திருச்சபையில் உண்டு. அந்த ஆசீரைப் பெறுவதற்காகக் கொண்டுவரும் கைகள், தமக்குப் பின் அவற்றை ஏந்தப்போகும் கைகளையும் கூடவே அழைத்துவரட்டும்.

நாய்க்கு மோட்சம் உண்டா என்று சிறுவர்கள் மறைக்கல்வி வகுப்பிற் கேட்பதுண்டு. அது படைத்தவரின் காரியம், அவர் இரக்கமுள்ளவர். சோற்றுச் சட்டி நம்முடைய காரியம். இரண்டு காசுக்கு விற்கப்படும் சிட்டுக்குருவிகளையும் மறவாத தந்தையின் பிள்ளைகள் நாம். ஆகையால் இந்த வாரம் செபமாலை முடிந்தபின், பேனையும் தாளும் எடுத்து உட்காருங்கள். உங்கள் வீட்டில் உங்களை நம்பி வாழும் சீவன் எது, உங்களுக்குப் பின் அது யாரை நம்பும் என்று எழுதுங்கள். எழுதியபின் படலையைத் திறந்துகொண்டு போய், அந்த ஒருவரிடம் வாய்திறந்து கேளுங்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட யாவற்றையும் பிரமாணிக்கத்தோடு காத்து, தகுந்த கைகளில் ஒப்படைத்து, அமைதியோடு அவரிடம் செல்ல ஆண்டவர் நமக்கு அருள்புரிவாராக. ஆமென்.