கீழிமையின் பொய்ச்சாட்சி

முகத்தை வாசிக்காமல் நாம் ஒருவரோடும் பேசுவதில்லை. வாய் ஸலாம் சொல்லி முடிப்பதற்கிடையில் கண் எதிரில் நிற்பவரின் சுகதுக்கத்தை அளந்துவிடுகிறது. இந்த வாசிப்பில் நாம் அதிகம் நம்புவது கண்களுக்குக் கீழேயுள்ள சிறிய இடத்தைத்தான். அங்கே ஒரு வீக்கம் கண்டால் தூக்கமில்லை, கவலை, நோய் என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

வைத்தியம் சொல்வது வேறு. கண்கோளத்தைச் சுற்றி மெத்தைபோலக் கொழுப்பு இருக்கிறது. மெல்லிய சவ்வொன்று அதைத் தடுத்து வைத்திருக்கிறது. வயதேற அச்சவ்வு தளர்கிறது; கொழுப்பு முன்தள்ளிப் பையாகத் தெரிகிறது. சில குடும்பங்களில் இது இளமையிலேயே வந்துவிடும். நிலையாகத் தொங்கும் அந்தப் பை நேற்றிரவின் தூக்கத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பொய்ச்சாட்சி சொல்கிறது, நாமும் நம்புகிறோம்.

என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டார்: "நான் நல்லாத்தான் தூங்குறன். எல்லாரும் வீட்டில ஏதும் பிரச்சினையா எண்டு கேக்கிறாங்க. இதை வெட்டி எடுத்தா என்ன குத்தம்?"

இலகுவில் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல இது. அவர் இளமையைக் கேட்கவில்லை. தன் முகம் உண்மை பேச வேண்டும் என்கிறார்.

வழி இருக்கிறது. இமையின் உட்புறமாகவோ, இமைமயிர்களுக்குச் சற்றுக் கீழாகவோ வெட்டிக் கொழுப்பை அகற்றுகிறார்கள், அல்லது பள்ளமான இடத்துக்கு நகர்த்தி வைக்கிறார்கள். சுருக்கம் போக ட்ரைகுளோரோஅசெட்டிக் அமிலமோ பீனோலோ பூசித் தோலின் மேற்படையை உரிக்கிறார்கள். இதற்கு விலையும் உண்டு. தோல் மிகையாக வெட்டப்பட்டால் இமை வெளிப்புறம் திரும்பிக் கண் வரண்டுபோகும். மிக அரிதாகக் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து பார்வையே போகலாம். பீனோல் இதயத் துடிப்பைக் குழப்பக்கூடியது. எங்களைப் போன்ற மாநிறத் தோலில் உரித்த இடம் முன்னரிலும் கறுத்துவிடக் கூடும்.

2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நோய்நிலை அல்லாத சுருக்கங்களைச் சத்திரசிகிச்சையாலோ ஊசியாலோ நீக்குவதை அனுமதிக்கவில்லை. ஆனால் உடலுக்கோ உள்ளத்துக்கோ நோவு தரும் விகாரத்தை நீக்க இடமளித்தது. என் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. அந்த ஆசிரியையின் உள்ளத்துக்கு நோவு தருவது எது? கொழுப்பல்ல, நமது விசாரிப்பு.

ஆயிரம் வருடங்களுக்கு முன் அந்தலுஸின் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, இமைமயிர் உட்புறம் திரும்பிக் கண்ணை உராயும் நோய்க்கு இமையைச் சூட்டுக்கோலாலும் காரமருந்தாலும் சுடும் முறைகளை எழுதி வைத்தார். அந்த நோவு, ஒருவரும் பார்க்காத தீவில் தனித்திருந்தாலும் இருக்கும். கண்பையின் நோவு அப்படியல்ல. பார்க்கிறவர் போனால் அதுவும் போய்விடும்.

ஆனால் இந்த அளவுகோலையே முடிவாகக் கொள்ளவும் என் மனம் ஒப்பவில்லை. போரில் மூக்கையிழந்த அர்பஜா என்ற ஸஹாபிக்குப் பொன்னால் மூக்கு வைத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்ததாக ஹதீஸ் இருக்கிறது. தனித்தீவில் அவருக்கு அது தேவையா என்று யாரும் கேட்கவில்லை. மனிதன் மனிதர் நடுவில் வாழ்பவன். பிறர் பார்வை தரும் வலியும் வலிதான். எனினும் அவர் இழந்த ஒன்றை ஈடுசெய்தார். கண்பையோ இழப்பல்ல, வயது வந்து உட்காரும் இடம்.

ஆகவே அந்த ஆசிரியை கத்தியை நாடினால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. ஆபத்துகளைச் சொல்வேன், முடிவு அவருடையது. ஆனால் அந்தக் கத்தியை அவர் கையில் கொடுத்தவர்களின் பெயர்களைக் கேட்டால், அன்போடு "தூங்கலியா?" என்று விசாரித்த நம் எல்லோரின் பெயரும் வரும். திருத்த வேண்டியது அவரது இமையை மட்டுமென்றால் சத்திரசிகிச்சை போதும். நமது வாசிப்பைத் திருத்த எந்த வைத்தியசாலையிலும் கட்டிலில்லை.