இறக்கி வைப்பதற்கான விலை

பழைய வண்டி ஒன்றின் வயதை நாம் மேலே பார்த்துத்தான் கணிக்கிறோம். பெயிண்ட் மங்கிவிட்டதா, கதவு சரியாகச் சாத்துகிறதா, இருக்கை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். வண்டியின் ஆயுள் முடிவாவதோ கீழே. நீளவாக்கில் ஓடும் இரண்டு எஃகு உத்தரங்களும் அவற்றைப் பிணைக்கும் குறுக்குத் தண்டுகளும் சேர்ந்ததுதான் சேசிஸ். எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு, கேபின், சரக்கு என்று எல்லாம் உட்கார்ந்திருப்பது அதன் மேல்தான். அது இற்றுப்போனால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் வண்டி சாலைக்கு ஆகாது.

இங்கிலாந்தின் லேண்ட் ரோவரில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் தமக்கிருந்த பண்ணையில், போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அதற்கு ஈடாக இங்கேயே ஒரு வண்டி செய்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்த லேண்ட் ரோவர், 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. ஆகவே வெளித்தகடுகளில் பெரும்பகுதியை பிர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேசிஸ் மட்டும் எஃகு. தகடுகளை வெட்டிப் பெட்டி வடிவில் பற்றவைத்து அதை உருவாக்கினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அந்த வண்டிகளைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் உடல் துருப்பிடிக்காமல் இருக்கிறது. அதைச் சுமந்த எலும்பு அரித்துப்போயிருக்கிறது.

அரிப்பு தொடங்குவது உள்ளே. பெட்டி வடிவ உத்தரத்தின் துளைகள் வழியாகச் சேறும் ஈரமும் நுழைகின்றன. வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே சேறு காய்வதில்லை. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அந்த ஈரத்தோடு கலந்துவிட்டால் துரு விரைவுபடும். துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். அதனால் தகடு ஊதி, அடுக்கடுக்காகப் பெயர்கிறது. வெளிப்பக்கக் கறுப்புப் பெயிண்ட் அதையெல்லாம் மறைத்து நிற்கிறது. ஆண்டுச் சோதனையில் பரிசோதகர் சிறு கருவியால் தட்டிப் பார்க்கும்போதுதான், உறுதியான எஃகின் ஓசை வர வேண்டிய இடத்தில் மந்தமான ஓசை வருகிறது.

இந்தத் துருவுக்கு ஒரு விலைச்சீட்டு எழுதிப்பார்த்த நாடு அமெரிக்கா. டொயோட்டாவின் டகோமா பிக்கப் வண்டிகளில் சேசிஸ் அரிப்பது பெரும் புகாரானது. 2008இல், 1995 முதல் 2000 வரையிலான மாடல்களில் மோசமாக அரித்தவற்றைச் சந்தை விலையின் ஒன்றரை மடங்கு கொடுத்து அந்நிறுவனம் திரும்ப வாங்கிக்கொண்டது. பிந்தைய டகோமா, டண்ட்ரா, செக்வோயா மாடல்கள் தொடர்பான வழக்கில் 2016இல் எட்டிய சமரசம் ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளைத் தழுவியது. அதன் மதிப்பு 337.5 கோடி டாலர்வரை போகலாம் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் ஒரு வண்டிக்குச் சேசிஸ் மாற்ற ஆகும் செலவு சுமார் 15,000 டாலர். ஓடித் தேய்ந்த ஒரு வண்டியை விற்றாலே அவ்வளவு தேறுமா என்பது ஐயம்தான்.

இவ்வளவு பணம் எங்கே போகிறது? இரும்புக்கு என்று நினைப்போம். பழைய லேண்ட் ரோவருக்குப் புதிய சேசிஸ் செய்து விற்கும் பட்டறைகள் பிரிட்டனில் இருக்கின்றன. சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முழுதாக முக்கி எடுத்து, உள்ளும் புறமும் பூச்சேறிய சேசிஸையே தருகிறார்கள். அதன் விலை சில ஆயிரம் பவுண்டு. அதை வாங்கி வாசலில் இறக்கிய பிறகுதான் உண்மையான செலவு தொடங்குகிறது. பழைய சேசிஸின் மேல் இருப்பவை எல்லாம் கீழே இறங்க வேண்டும்.

பிரேக் குழாய்களைக் கழற்ற வேண்டும். டீசல் டேங்கை இறக்க வேண்டும். வயரிங்கை ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஸ்டியரிங், ஸ்பிரிங் பட்டைகள், ரேடியேட்டர், கை பிரேக், கடைசியாக எஞ்சினும் உடலும். பத்து நிமிடத்தில் கழல வேண்டிய போல்ட் அரை நாளைத் தின்றுவிடும். துரு அதை நட்டோடு ஒன்றாக்கியிருக்கும். எண்ணெய் விட்டு ஊறவைத்து, தீயால் சூடேற்றி, அப்படியும் வராமல் தலை முறிந்தால் துளையிட்டு எடுக்க வேண்டும். கைதேர்ந்த மெக்கானிக் கழற்றிய ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கிறார். பிரிப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்கிறார். பில்லில் கூலி என்று ஒற்றைச் சொல்லாக நிற்பது இந்தப் பொறுமைதான்.

பிரித்த பிறகு இன்னொரு செலவு வந்து நிற்கும். இவ்வளவு தூரம் கழற்றியாயிற்று, இந்த பிரேக் குழாயையும் மாற்றிவிடலாமே, இந்த ரப்பர் புஷ்களையும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். புதிய சேசிஸில் பழைய பாகத்தை மாட்ட மனம் வராது. எங்கே நிறுத்துவது என்று முன்பே முடிவு செய்யாதவரின் பணம் இங்கேதான் கரைகிறது.

இதைவிடக் கடினமானது இடைக்காலம். பழையது போய்விட்டது, புதியது இன்னும் வண்டியாகவில்லை. எஞ்சின் ஒரு மூலையில், கதவுகள் இன்னொரு மூலையில். இந்தக் கட்டத்தில் மனம் சலித்து, அட்டைப் பெட்டிகள் நிறைய பாகங்களோடு அப்படியே விற்கப்படும் வண்டிகள் ஏராளம். கெட்டுப்போனதற்காக யாரும் அவற்றைக் கைவிடவில்லை. பாதியில் நிற்பதைத் தாங்க முடியாமல் கைவிட்டார்கள்.

அதனால்தான் பெரும்பாலானோர் ஒட்டுப் போடுகிறார்கள். அதைக் குறைசொல்லத் தோன்றவில்லை. நாளைக் காலை தீவனம் ஏற்றிப் போக வேண்டிய விவசாயியிடம் வண்டியை மாதக்கணக்கில் பிரித்துப் போடச் சொல்ல முடியாது. சுற்றிலும் நல்ல எஃகு இருந்தால் ஒட்டும் நேர்மையான வேலைதான். ஆனால் உள்ளே முழுக்க அரித்த உத்தரத்தில் புதுத் தகட்டை வைத்தால், பற்று பிடித்துக்கொள்ளவே அங்கே உலோகம் இருக்காது. அடுத்த பனிக்காலத்தில் ஒட்டின் ஓரத்திலேயே புது ஓட்டை விழும்.

எல்லாம் முடிந்து நிற்பது பழைய வண்டிதானா? பிரிட்டிஷ் வாகனப் பதிவுத் துறை முன்பு இதற்குப் புள்ளிக் கணக்கு வைத்திருந்தது. பழைய பதிவெண் நீடிக்கக் குறைந்தது 8 புள்ளி வேண்டியிருந்தது. எஞ்சினுக்கு 1, ஸ்டியரிங்குக்கு 2, அச்சுகளுக்கு 2. சேசிஸுக்கு மட்டும் 5. அந்த ஐந்து கட்டாயமாக இருந்தது. பழைய சேசிஸ் மாற்றம் செய்யப்படாமல் இருந்தால் அந்த ஐந்தும் கிடைத்தன; அதே அமைப்பில் செய்த புதியதைப் போட்டாலும் கிடைத்தன. நம் ஊரில் வழக்கம் வேறு. நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் பழைய லாரியின் சேசிஸை வைத்துக்கொண்டு மேலே புது பாடி கட்டுகிறார்கள், ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் எண் மாறுவதில்லை. அங்கே மேலே உள்ளதைக் காத்துக் கீழே மாற்றுகிறார்கள். இங்கே கீழே உள்ளதைக் காத்து மேலே மாற்றுகிறார்கள். தாங்குவதுதான் வண்டி என்பதில் இரண்டு ஊருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்தக் கணக்கை மனிதர்கள் கட்டியவற்றின் மேலும் வைத்துப் பார்க்கிறேன். கணக்கில் நேர்மை போய்விட்ட ஒரு பள்ளி, சுவருக்கு வண்ணம் அடிக்கிறது. கடன்மேல் கடன் வாங்கி நிற்கும் குடும்பம், விசேஷத்தைக் குறையில்லாமல் நடத்துகிறது. உறக்கத்தைத் தொலைத்தவர், மருந்தை மாற்றிப் பார்க்கிறார். மாற்று என்ன என்று மூவருக்குமே தெரியும். நேர்மையான கணக்கு, வரவுக்குள் வாழ்வு, நேரத்துக்கு உறக்கம்: எதுவும் வாங்க முடியாத பொருள் அல்ல. ஆனால் இற்றுப்போனதன் மேல்தான் அவர்களுடைய நற்பெயர், உறவுகள், அன்றாட ஓட்டம் எல்லாம் முறுக்கப்பட்டிருக்கின்றன. அடியை மாற்ற வேண்டுமானால் இவற்றைக் கொஞ்ச காலம் இறக்கி வைக்க வேண்டும்; ஓடாமல், முழுமையில்லாமல், பிறர் பார்க்க நிற்க வேண்டும்.

மாற்றத்தின் விலை அதுதான். புதிய அடித்தளம் மலிவு. பழையதன் மேல் ஏற்றியதை இறக்குவதுதான் செலவு. சுமை கூடக் கூட, ஆண்டுகள் போகப் போக அது ஏறிக்கொண்டே போகும். ஆகவே சரிசெய்ய ஏற்ற நாள் எது என்று தேடிக்கொண்டிருப்பவருக்கு ஒரே விடைதான் உண்டு. இனி வரும் எந்த நாளைவிடவும் இன்று இறக்குவதற்குக் குறைவாகவே இருக்கிறது.