கொள்ளைப் பொருளும் கிரய உரிமையும்

போரில் ஒரு நாட்டைப் பிடித்த படை அங்குள்ள தனியார் சொத்தை மதிக்க வேண்டும், சூறையாடக் கூடாது என்பது 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டுவிட்டது. வழிபாட்டிடங்கள், கல்விக்கூடங்கள், கலை நிறுவனங்கள் ஆகியவற்றின் உடைமை அரசுக்கே சொந்தமானாலும் தனியார் சொத்தைப் போலக் காக்கப்பட வேண்டும் என்கிறது அதன் 56ஆம் விதி. ஜெர்மனியும் அதை ஏற்ற நாடுதான். ஆகவே இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் நடத்திய கலைக்கொள்ளை, விதியே இல்லாத காலத்தில் நடந்த செயல் அன்று. அது தவறு என்பதில் வாதம் இல்லை. அதற்குப் பின் வருவதில்தான் வாதம். பொருள் பல கை மாறிவிட்டது. எடுத்தவர் இறந்துவிட்டார், பறிகொடுத்தவரும் இறந்துவிட்டார். இப்போது வைத்திருப்பவர் விலை கொடுத்து வாங்கியவர். அவரிடம் போய் அதைத் திரும்பக் கேட்பது நியாயமா?

கொள்ளை எப்படி நடந்தது என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. 1940 ஜூனில் பாரிஸ் வீழ்ந்தது. அடுத்த மாதமே, ஜெர்மனிக்கு இணங்கி நடந்த பிரெஞ்சு விஷி அரசு, நாட்டைவிட்டு ஓடியவர்களின் குடியுரிமையைப் பறித்துச் சொத்தை முடக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. உயிருக்கு அஞ்சி ஓடிய யூதரின் வீடு இப்படி, காகிதத்தில், உரிமையாளர் இல்லாத வீடாயிற்று. ஆல்ஃபிரெட் ரோசன்பெர்க் என்ற நாஜித் தலைவரின் பெயரால் அமைந்த தனிப்பிரிவு ரோத்ஸ்சைல்ட் குடும்பம், டேவிட்-வெய் குடும்பம், கலை வணிகர் பால் ரோசன்பெர்க் (பெயர் ஒற்றுமை தவிர இருவருக்கும் தொடர்பில்லை) முதலானோரின் சேகரிப்புகளை அள்ளிக்கொண்டு வந்து ஜூ த போம் அருங்காட்சியகத்தில் குவித்தது. 20,000க்கும் மேற்பட்ட பொருள்கள் இந்தப் பிரிவின் கைக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் எண், அட்டை, பெரும்பாலானவற்றுக்குப் புகைப்படம். நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங் அங்கே ஏறத்தாழ இருபது முறை வந்து தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்தார். சிறந்தவை லின்ஸ் நகரில் ஹிட்லர் கட்ட நினைத்த அருங்காட்சியகத்துக்கென ஒதுக்கப்பட்டன.

அந்தக் கட்டடத்தில் பணிபுரிந்த பிரெஞ்சுப் பெண் ரோஸ் வல்லாண், ஜெர்மன் மொழி தெரியாதவர்போல் இருந்துகொண்டு எந்தப் பெட்டி எங்கே போகிறது என்பதை நான்கு ஆண்டுகள் இரகசியமாகக் குறித்து வைத்தார். பிடிபட்டிருந்தால் மரணம். 1944 ஆகஸ்டில் 148 கலைப்பெட்டிகளுடன் புறப்படவிருந்த கடைசி ரயிலைப் பற்றி அவர் அனுப்பிய செய்தியால் அது பாரிஸ் சுற்றுவட்டாரத்தைத் தாண்டாமல் தடுக்கப்பட்டது. வண்டியைக் கைப்பற்றிய பிரெஞ்சு அதிகாரி அலெக்சாந்தர் ரோசன்பெர்க், மேலே சொன்ன கலை வணிகரின் மகன். பெட்டிகளில் இருந்த ஓவியங்கள் சில அவருடைய வீட்டிலிருந்தே போனவை.

ஓவியங்களைப் பற்றியே பேசுவது இந்த வரலாற்றைச் சுருக்கிவிடும். பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 70,000 யூத வீடுகள் முழுவதுமாகக் காலி செய்யப்பட்டன. கட்டில், பியானோ, சமையல் பாத்திரம், படுக்கை விரிப்பு, குழந்தைகளின் பொம்மை எல்லாம் ரயிலேறின. ஓவியங்களைப் போல இவை இன்று நீதிமன்றச் செய்தியாவது அரிது. அழித்தொழிக்க முடிவெடுத்த ஒரு மக்களினத்தின் வாழ்க்கைத் தடயத்தையே துடைத்தெடுக்கும் வேலையாக இது நடந்தது. கலைக்கொள்ளையை வெறும் திருட்டாக எடைபோடுவோர் காணத் தவறுவது இதைத்தான்.

நாஜிகள் எல்லாவற்றையும் பறிக்கவில்லை, பலவற்றை ‘வாங்கினார்கள்’. ரசீதும் கையெழுத்தும் உண்டு. இதை நேச நாடுகள் போர் முடியுமுன்பே உணர்ந்திருந்தன. 1943 ஜனவரி 5 அன்று இலண்டனில் வெளியான கூட்டறிக்கை, எதிரியின் ஆதிக்கத்தில் இருந்த பகுதிகளில் நடந்த சொத்து மாற்றங்களை, அவை வெளிப்பார்வைக்குச் சட்டப்படி நடந்தவையாகவும் மனமுவந்து செய்தவையாகவும் தோன்றினாலும், செல்லாதென அறிவிக்கும் உரிமையை நேச நாடுகள் வைத்துக்கொள்வதாகக் கூறியது. இந்த விவகாரம் முழுவதிலும் தெளிவான அறச்சிந்தனை அந்த அறிக்கையில்தான் இருக்கிறது. சட்டத்தின் வடிவத்தையே கொள்ளைக்குக் கருவியாக்கியவர்களின் காகிதம், பின்னால் எவருக்கும் அரணாக முடியாது.

இதைச் சோதித்துப் பார்க்கக் கசீரர் வழக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. காமீ பிசாரோ 1897இல் வரைந்த, மழையில் நனைந்த பாரிஸ் தெருவின் ஓவியம் பெர்லினில் கசீரர் குடும்பத்திடம் இருந்தது. 1939இல் லில்லி கசீரர் ஜெர்மனியைவிட்டு வெளியேற அனுமதி பெறுவதற்காக அதை 900 மார்க்குக்குக் கொடுக்க நேர்ந்தது. அந்தப் பணமும் அவரால் எடுக்க முடியாத, முடக்கப்பட்ட கணக்கில் போடப்பட்டது. ஓவியம் கைமாறிக் கைமாறி அமெரிக்கா சென்றது. 1976இல் தீசன்-போர்னமிசா பிரபு அதை நியூயார்க்கில் வாங்கினார். 1993இல் ஸ்பெயின் அவருடைய சேகரிப்பை விலைக்கு வாங்கியது. ஓவியம் இன்று மாட்ரிட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லில்லியின் பேரன் அதை 2000இல் கண்டறிந்தார். 2005இல் அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தார்.

அருங்காட்சியகத்தின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. பணம் கொடுத்து வாங்கியது, மறைக்காமல் காட்சிக்கு வைத்தது, பல ஆண்டுகள் யாரும் கேட்கவில்லை. ஸ்பானியச் சட்டப்படி இப்படி வெளிப்படையாக அனுபவித்தவருக்கு ஒரு காலவரம்புக்குப் பின் உரிமை வந்துவிடும். நம் ஊர் நிலவழக்குகளில் எதிரிடை அனுபோகம் என்கிறோமே, அதன் உறவினம் இது. காலவரம்பு இல்லாவிட்டால் எந்த வாங்குபவருக்கும் நிம்மதி இராது என்பதும் உண்மைதான். மேலும், 1958இல் ஜெர்மன் அரசு லில்லிக்கு 1,20,000 மார்க் இழப்பீடு கொடுத்திருக்கிறது.

ஆனால் எதிரிடை அனுபோகம் என்ற கொள்கை, உரிமையாளர் கேட்க முடிந்தும் கேட்காமல் இருந்தார் என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. ஓவியம் எங்கே இருக்கிறது என்றே அறியாத குடும்பத்துக்கு அந்த அனுமானம் பொருந்தாது. இழப்பீடு, ஓவியம் தொலைந்துபோனதாகக் கருதிக் கொடுக்கப்பட்டது. அதை வாங்கியதால் லில்லி ஓவியத்தின்மேல் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. ஓவியம் திரும்பினால் அந்தத் தொகையைத் திருப்பித் தருவதுதான் முறை. வாங்கியவரின் நல்லெண்ணமும் கேள்விக்குரியது. காணி நிலம் வாங்குபவர்கூட மூலப்பத்திரமும் வில்லங்கமும் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. இந்த ஓவியத்தின் பின்புறம் பெர்லின் கலைக்கூடத்தின் கிழிந்த சீட்டு ஒட்டியிருந்தது. பெர்லின் சீட்டு ஒட்டிய ஓவியம் எப்படிக் கைமாறியது என்று கேட்காமல் இருப்பது அறியாமை ஆகாது.

2019இல் இந்த வழக்கில் தீர்ப்பளித்த அமெரிக்க நீதிபதி, சட்டம் அருங்காட்சியகத்தின் பக்கம் நிற்கிறது, ஸ்பெயினை அதன் அறக்கடமையை நிறைவேற்றும்படி தம்மால் கட்டாயப்படுத்த முடியாது என்று எழுதினார். அந்த அறக்கடமை ஸ்பெயினே ஏற்றுக்கொண்டது. 1998இல் வாஷிங்டனில் கூடிய 44 நாடுகள், நாஜிகள் பறித்த கலைப்பொருள்களுக்கு நியாயமான தீர்வு காண்பதாக ஒப்புக்கொண்டபோது ஸ்பெயினும் அவற்றில் ஒன்று. கட்டாயமில்லாத வாக்குறுதி என்பதால் அது மீறத்தக்க வாக்குறுதி ஆகிவிடாது. தனி மனிதர் ஒருவர் ஆயுள் சேமிப்பைப் போட்டு வாங்கியிருந்தால் இழப்பை யார் சுமப்பது என்று தயங்க இடமுண்டு. பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலையை அரசு ஈடுகட்டலாம். அரசே வாங்கியவராக இருக்கும்போது அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. அந்தத் தீர்ப்போடு வழக்கு முடியவில்லை. பிறகு, வழக்கு நடந்த கலிபோர்னியா மாநிலம் இத்தகைய வழக்குகளுக்கான தன் சட்டத்தைத் திருத்தியது; 2025 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அருங்காட்சியகத்துக்குச் சாதகமான மேல்முறையீட்டுத் தீர்ப்பை நீக்கி வழக்கை மறுபரிசீலனைக்கு அனுப்பியது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. கொள்ளையடித்தவனைக் கொள்ளையடிக்கலாமா? சோவியத் மண்ணில் ஜெர்மன் படை செய்தது எல்லையற்ற அழிவு. பீட்டர்ஹாஃப் அரண்மனை இடிபாடாயிற்று. சுவரெல்லாம் அம்பர் பதித்த அரண்மனைக் கூடமான ‘அம்பர் அறை’ 1941இல் பெயர்த்து எடுக்கப்பட்டுக் கோனிக்ஸ்பெர்க் போய், போரின் முடிவில் காணாமற்போனது. 1945இல் செம்படையின் தனிக்குழுக்கள் ஜெர்மனியிலிருந்து பதிலுக்கு அள்ளிச் சென்றன. டிரெஸ்டன் ஓவியக்கூடத்தின் படைப்புகளும் பெர்காமன் பலிபீடமும் 1950களில் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பின. டிராய் அகழ்வில் கிடைத்த ‘பிரியாமின் புதையல்’ மாஸ்கோவில் பல பத்தாண்டுகள் மறைத்து வைக்கப்பட்டு, 1996இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. 1998இல் ரஷ்யா ஒரு சட்டத்தின் வழி, இவ்வாறு கொண்டுவந்தவற்றில் பெரும்பகுதியை இழப்பீடாக அறிவித்து நாட்டுடைமை ஆக்கியது.

இழந்த மக்களுக்கு ஈடு கேட்கும் உரிமை உண்டு. அதை மறுப்பது கொடுமை. ஆயினும் ஈடு எதில் வசூலிப்பது என்பதில் எல்லை வேண்டும். 1797இல் நெப்போலியனும் போப்பிடமிருந்து நூறு கலைப்படைப்புகளை உடன்படிக்கை எழுதித்தான் வாங்கினார். வெற்றி பெற்றவரிடம் நியாயம் சொல்லும் காகிதம் எப்போதும் இருக்கும். தகுதியுள்ள வெற்றியாளருக்கு விதிவிலக்கு என்றால், தன்னைத் தகுதியற்றவனாக நினைக்கும் வெற்றியாளன் எங்கே? ஈடு என்று நம்பியிருந்தால் அரை நூற்றாண்டு மறைத்து வைத்திருக்க வேண்டியதும் இல்லை. 2002இல் ரஷ்யாவே பிராங்க்பர்ட் அன் டெர் ஓடர் நகரத் தேவாலயத்தின் 111 கண்ணாடிச் சாளரத் துண்டுகளைத் திருப்பித் தந்ததைப் பார்க்கும்போது, பேசி முடிக்கும் வழி அடைபட்டிருக்கவில்லை என்பது தெரிகிறது.

கேட்க ஆளே இல்லாத பொருள்களும் உண்டு. குடும்பம் முழுவதும் கொல்லப்பட்ட இடத்தில் வாரிசு ஏது? ஆஸ்திரியா தன் மவுர்பாக் மடத்தில் பல பத்தாண்டுகள் வைத்திருந்த இத்தகைய பொருள்களை 1996இல் வியன்னாவில் ஏலமிட்டு, தொகை நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களுக்குச் சேரும்படி செய்தது. பிரான்ஸ் வேறு வழியில் போனது. ஜெர்மனியிலிருந்து மீட்ட ஏறத்தாழ 60,000 பொருள்களில் 45,000 உரியவரிடம் சேர்ந்தன; மிச்சத்தில் பெரும்பகுதியை அரசு விற்றுவிட்டது; ஏறத்தாழ 2,200 பொருள்கள் தேசிய அருங்காட்சியகங்களின் பொறுப்பில் தங்கின. அவை அரசின் சொத்தல்ல, உரியவர் வரும்வரை காத்துத் தர வேண்டியவை. ஆனால் நெடுங்காலம் எவரும் உரியவரைத் தேடிப் போகவில்லை. இவை தவிர, அரசின் உடைமையாகவே பொதுச் சேகரிப்பில் சேர்ந்துவிட்ட பொருளை விடுவிக்க, 2022இல் கிளிம்ட் ஓவியம் உட்பட 15 படைப்புகளுக்குச் செய்ததைப் போல, நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 2023 ஜூலையில் பிரான்ஸ் நிறைவேற்றிய பொதுச்சட்டம் அந்தத் தடையை நீக்கியது. 1933 முதல் 1945 வரை யூதரிடமிருந்து பறிக்கப்பட்ட பொருளை, ஒரு குழுவின் ஆய்வுக்குப்பின், இனித் தனிச் சட்டமின்றியே திருப்பித் தரலாம்.