கடனும் கன்மமும்

கடன் என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் பயப்பது. செய்தற்குரிய முறைமையும் கடன். வாங்கிய பொருளைத் திருப்பி இறுத்தற்குரிய கட்டும் கடன். பின்னையதில் வீழ்ந்தான் ஒருவன் முன்னையதைச் செய்ய மாட்டாதவனாகின்றான். விருந்தோம்பலும், மக்களைக் கற்பித்தலும், முதியோரைப் பேணலுமாகிய இல்லறக் கடன்கள் யாவும் வட்டிக் கணக்கின்கீழ் நசுங்குதலை நாடோறுங் காண்கின்றோம். எளிய குடிகள் கடனில் வீழ்வது எங்ஙனம் என்பதும், அவ்வீழ்ச்சி அவர்தம் ஊழென்று கூறி வாளாவிருத்தல் சித்தாந்த நூல்களுக்கு ஒக்குமோ என்பதுமே ஈண்டு ஆராயற்பாலன.

இவ்வாராய்ச்சிக்குத் தூத்துக்குடிக் கரையை எடுத்துக்கொள்வாம். கொற்கையும் காயலும் விளங்கிய இக்கரை முத்துக்குப் பெயர்பெற்றது. எனினும் முத்துக்குளித்தல் ஆண்டுதோறும் நிகழ்ந்ததன்று. பார்களிற் சிப்பி முதிர்ந்த ஆண்டுகளிற் சில கிழமைகள் நடைபெறும். பின்னர்ப் பல்லாண்டுகள் பார் வறிதே கிடக்கும். ஆங்கிலேயர் ஆட்சியிற் குளித்தவர்க்குக் கூலியாகக் கிடைத்தது, எடுத்த சிப்பியில் மூன்றிலொரு கூறு. அச்சிப்பியினுள் முத்துண்டோ இன்றோ என்பது திறந்த பின்னரே தெரியும். 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த குளிப்புக்குப் பின் அத்தொழிலும் நின்றுவிட்டது.

இந்நாளில் இக்கரையினர் பலர்க்கு உப்பளமும், மீன்பிடியும், துறைமுகக் கூலியுமே பிழைப்பாகும். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் உப்பளத்தில் வேலை நின்றுபோம். மழை ஓய்ந்து பாத்திகள் செப்பமுற்ற பின்னரே கூலி மீளும். விசைப்படகினர்க்கு ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடி தடை. இவற்றின்மேல் எதிர்பாராத கேடுகளும் வரும். 2023 திசம்பரிற் காயல்பட்டினத்தில் ஒரே நாளிற் பெய்த மழை ஏறத்தாழ 95 செண்டிமீட்டர். வயிறு நாட்கணக்கிற் பசிப்பது. வருவாயோ பருவக்கணக்கில் வருவது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேதான் கடன் நுழைகின்றது.

அது நுழையும் முறையையும் சிறிது நோக்குவாம். முதலாவது மளிகைக்கடைப் பற்று. அடுத்து, வேலைகொடுப்பவரிடமோ மீன் எடுக்கும் வணிகரிடமோ பெறும் முன்பணம். அதனைப் பெற்றவன் தன் உழைப்பையும் பிடித்த மீனையும் அவர் குறித்த விலைக்கே தரவேண்டியவனாகின்றான். பின்னர் மனைவியின் நகை அடகுக்கடைக்குச் செல்லும். அதுவும் ஒழிந்தபின் தண்டற்காரர் வருவார். நூற்றுக்கு மாதம் பத்து வட்டியாக 10,000 ரூபாய் வாங்கினான் ஒருவனைக் கருதுக. திங்கள்தோறும் 1,000 ரூபாயாகப் பத்துத் திங்கள் கட்டி முதலளவு பொருளை இறுத்த பின்னும் அவன் முதல் அப்படியே நிற்கும். ஒன்றுங் கட்டாதொழியின், வட்டிக்கு வட்டியேறி ஓராண்டில் 31,384 ரூபாய் ஆகும். உப்பளக் கூலியில் இதனை இறுப்பது யாங்ஙனம்? ஆகவே அவன் மற்றொருவரிடம் வாங்கி இவர்க்குக் கட்டுகின்றான்.

இனி இக்கடன்களைச் சித்தாந்தக் கண்கொண்டு நோக்கின் அவை மூவகைப்படுதல் புலனாம். மாயையின் காரியமாகிய உடம்பு ஊணும் மருந்தும் வேண்டுதலின் எழுங் கடன் ஒன்று. யான், எனது என்னுஞ் செருக்கினால் எழுங் கடன் மற்றொன்று. ஊரார் மெச்சுதற்பொருட்டு மணப்பந்தரிலும் பூப்புநீராட்டிலும் சீர்வரிசையிலும் வருவாய்க்கு மேற் செலவிடுதல் இதன்பாற்படும். கடன் தீர்த்தற்கு வாங்குங் கடன் மூன்றாவது. பிராரத்தத்தை நுகரும்பொழுதே ஆகாமியத்தை ஈட்டிக்கொள்ளும் உயிரின் நிலை இதற்கு ஒப்பாகும். முதல்வகைக் கடனாளியைச் செருக்கினன் என்று பழித்தல் பெருந்தவறு. கரையோரக் குடிகளின் கடன் பெரும்பாலும் முதல்வகையிற் றொடங்கி மூன்றாம் வகையில் முடிவதேயாம்.

அற்றேல், வறுமையுங் கடனும் அவரவர் முன்செய் வினைப்பயனாகலின் அவற்றை நுகர்ந்தே கழித்தல் வேண்டும், பிறர் இடைபுகுதல் என்னை என்பார் உளர். அவர் கூற்று நூன்முடிபோடு பொருந்தாது. நோயும் வினைப்பயனே, அதுபற்றி அவர் தம் பிள்ளைக்கு மருத்துவனை அழையாது விடுகின்றாரோ? திருக்கொடிமாடச்செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்நோய் பற்றியபொழுது, திருஞானசம்பந்தப் பெருமான் அது வினையென்று வாளாவிருந்தாரல்லர். திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பதிகம் அருளி நோய்தீர்த்தார். வினையை நொந்துகொண்டு உய்யும்வழி நாடாதிருத்தல் நமக்குக் குறையே என்பதும் அப்பதிகத்தின் கருத்தாகும். மேலும், துன்பம் வருதல் வினையாயின், அதனைத் துடைக்க ஒருவர் நெஞ்சில் எழும் இரக்கம் அவ்வுயிரின் நல்வினையால் வருவதாக ஏன் கொள்ளலாகாது? தீவினைக்கு மட்டுங் கருவி உண்டு, நல்வினைக்கு இல்லை என்பது எந்நூலிலும் இல்லை.

இனி, வட்டிவாங்குவோன் அவ்வினையை ஊட்டுங் கருவியே, ஆதலின் குற்றமிலன் என்பாரும் உளர். இதுவும் போலி. இறைவன் வினையை ஊட்டுவது மலம் பரிபாகமெய்திக் கட்டறுதற்பொருட்டு. செய்த வினைக்குமேல் எள்ளளவும் மிகைகூட்டுதல் அவனிடத்து இல்லை. வட்டியாளன் ஊட்டுவதோ கட்டு நீடித்தற்பொருட்டு. இறுக்குந்தோறும் கணக்கு வளர்தலே அவனுக்கு ஊதியம். நோக்கம் அவனதாகலின் ஆகாமியமும் அவனதேயாம்.

இளையான்குடிமாற நாயனார் செல்வம் சுருங்கிய காலத்தும் கடன்பட்டு அமுதளித்தாரன்றோ எனின், அன்று. அவர் பட்டது அடியார் பசிதீர்த்தற்பொருட்டு. தம் பெருமை காட்டுதற்பொருட்டன்று. அதனைக் காட்டி ஆரவாரக் கடனை அறமாக்குதல் ஒவ்வாது.

கோயில்களும் முன்னாளில் வட்டிக்குப் பொருள் கொடுத்தனவன்றோ என்னும் வினாவும் விடை வேண்டுவது. கொடுத்தன. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில், ஊர்ச்சபைகள் பெற்ற காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசையாகக் குறிக்கப்பட்டுள்ளது. அஃதாவது ஆண்டொன்றுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை. மேற்கூறிய பத்து வட்டியோ ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு நூற்றிருபது. அன்றியும் அங்கே கடன்பெற்றது ஊர்ச்சபை; இங்கே பெறுவது பசித்த குடி. இரண்டையும் ஒன்றென்றல் விளக்கையும் வீடெரிக்குந் தீயையும் ஒன்றென்றலாம்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பாண்டிக் கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, கடன் பற்றிய ஒரு வழக்கத்தை எழுதிவைத்துள்ளார். பலமுறை தவணை கடத்தியவனைச் சுற்றிக் கடன்கொடுத்தோன் நிலத்தில் வட்டம் வரைவான். பொருளோ பிணையோ தாராமல் அவன் அவ்வட்டத்தைக் கடத்தலாகாது. அரசனே ஓர் அயல்நாட்டு வணிகனுக்குக் கடன்பட்டுக் காலங்கடத்தியபொழுது, அவ்வணிகன் அரசனையும் அவனூர்ந்த குதிரையையும் சூழ வட்டமிட்டான் என்றும், பொருள் இறுக்கப்படும்வரை அரசன் அசையாது நின்றான் என்றும், இதனைத் தாமே கண்டதாகவும் அவர் கூறுகின்றார். அவ்வழக்கம் கடிதே, ஆயினும் மன்னனுக்கும் மீனவனுக்கும் அது ஒருதன்மைத்து. இன்றோ பெருங் கம்பெனிகள் கடனைக் குறைத்துத் தீர்த்துக்கொள்ளும் வழியை 2016-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம் வகுத்திருக்க, கூலிக்குடியைச் சூழ்ந்த வட்டம் மட்டும் அழியாது நிற்கின்றது. அளவிறந்த வட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டே இயற்றப்பட்டது. அதன்பின்னும் 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாயிலிற் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே குழந்தைகளுடன் தீக்கிரையாயிற்று. சட்டம் வேண்டுவதே, ஆயின் பசித்த மாதத்திற் கைதருவார் இல்லாதவழிச் சட்டத்தை அறிந்தவனும் தண்டற்காரன் வாயிலுக்கே செல்வான்.

கைதருவார் யாவர்? திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபொழுது இறைவன் அப்பரடிகட்கும் சம்பந்தப் பெருமானுக்கும் நாடோறும் படிக்காசு அருளினான்; அவர்தம் திருமடங்களில் அடியார் பசியாறினர். அது கடனன்று, கொடை. நற்காலத்திலன்று, இல்லாத காலத்தில் வந்தது. பிள்ளையார் பெற்ற காசு கடைத்தெருவில் வாசிபட அதனால் அமுது தாழ்த்ததும், அவர் வேண்டியபின் வாசி தீர்ந்ததும் அன்பர் அறிவர். பசித்தோர்க்கு வரும் பொருளிற் கழிவு கூடாதென்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? மடங்களும் கோயில்களும் சைவ சபைகளும் ஒரு சிறு வைப்பு ஏற்படுத்தி, உப்பளம் ஓய்ந்த மாதங்களில் அக்குடிகட்கு வட்டியின்றிப் பொருளும் நெல்லும் அளித்து, வேலை மீண்டபின் இயன்றவாறு பெறுதல் அரிய செயலன்று. இக்கரையிற் கிறித்தவரும் முகமதியரும் மிகப் பலர். அவரை விலக்குதல் வேண்டா, பசிக்குச் சமயமில்லை. வட்டி வாங்குதலை முகமதியர் மறை முற்றும் விலக்கியிருத்தலும் நாம் எண்ணத்தக்கது.

மற்றொன்றுங் கூறல் வேண்டும்; அது நம்மனோர்க்குக் கசப்பாயினும் ஆகுக. எளியோரை வருத்தி ஈட்டிய வட்டிப்பொருளாற் செய்யுந் திருப்பணியை நாம் சிவபுண்ணியமென்று வாழ்த்தி, ஈந்தோன் கழுத்தில் மாலை சூட்டுகின்றோமா இல்லையா என்பதனை ஒவ்வொரு மடமும் சபையும் தன்னைத்தான் வினவிக்கொள்க. நாகைக் கடற்கரையில் அதிபத்த நாயனார், பசித்துத் தளர்ந்த நாளிலும் இறைவனுக்கென்று விட்டது தம் வலையில் வீழ்ந்த மீனையே. பிறர் வலையினின்று பறித்ததை அன்று. பறித்ததை ஏற்கும் கையும் பறித்த கையோடு ஒக்கும்.

கடன்பட்ட குடிக்கு அதன் கட்டு அறுதல் வேண்டும்; அதற்கு உதவுதல் நமது கடன். முன்னையது தீர்வதற்குப் பின்னையதை நாம் செய்தலே வழியாகலின், மெய்யன்பர்கள் இதனை ஓர்ந்து, வரும் மழைக்காலத்திற்கு முன்னரே தத்தம் ஊரிலே தொடங்குவார்களாக.

திருச்சிற்றம்பலம்.